வாசகர் ஏன் வரவில்லை?

பெங்களூரில் நம்மவர் வெளியிடும் சங்க மலர்களைப் புரட்டிப் பாருங்கள். முதலில் வாழ்த்துரைகள், பிறகு தமிழின் பெருமை. எழுதியவரும் அச்சுப் பிழை திருத்தியவரும் தவிர வேறு யார் படிக்கிறார்கள்? "வாசகர் ஆதரவு இல்லை" என்று புலம்புகிறோம். குற்றம் வாசகர் மீதா?

எழுத்தாளர் சுஜாதா இதே ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். 1965-ல் டில்லியில் தொடங்கிய 'கணையாழி' மாத இதழின் கடைசிப் பக்கம் அவருடையது. பார்த்த சினிமா, படித்த புத்தகம் என்று எதையும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல எழுதினார். இதழைப் பின்னாலிருந்து புரட்டியவர்கள் பலர்!

ரயில்வே கவுண்ட்டரில் உட்காரும் எனக்கு இது புரிகிறது. டிக்கெட் கேட்டு நிற்பவரிடம் ரயில்வேயின் வரலாற்றைச் சொன்னால் வரிசையே சத்தம் போடும். வாசகரும் அப்படித்தான். அவருக்கு வேண்டியதை முதல் வரியிலேயே கொடுக்க வேண்டும்.

எழுதவா விஷயம் இல்லை? வீட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கப் படும் பாடு, தீபாவளிக்கு ஊர் போக இடம் கிடைக்காத ஏக்கம், பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாத கவலை, இவற்றை எழுதுங்கள். மாதம் தவறாமல், ஒரே பக்கத்தில், ஒரே பெயரில் எழுதுங்கள். வரும் கடிதங்களுக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள். வாசகர் தேடி வருவார்.

இல்லையேல் நாம் இங்கே வாழ்ந்த கதை எழுதப்படாமலே போகும். நம் வீடுகளில் தமிழ் படிக்கும் கடைசித் தலைமுறையும் நாமாகவே இருப்போம். சங்கத்தார் சிந்திப்பார்களா?