ஆட்டக்காரியும் குமாஸ்தா நாற்காலியும்

நம் நாட்டில் பெண்களுக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்துக் குழு ஒன்று உண்டா? "இல்லை" என்பதே விடுதியிலும் உணவகத்திலும் நான் கேட்ட விடை. உண்டு, அதுவும் நெடுங்காலமாகவே உண்டு என்பது என் விடை. அக்குழுவின் பெயர் தென்னக இரயில்வே. அதன் ஆட்டக்காரிகள் மாதந்தோறும் சம்பளம் வாங்குகிறார்கள். ஆடத் தெரிந்ததனால்தான் அவர்களுக்கு அந்தச் சம்பளம் கிடைத்தது. ஆட்டத்துக்காக ஊதியம் பெறுபவர் எவரோ அவரே தொழில்முறை ஆட்டக்காரர் என்பது இலக்கணமானால், அவ்விலக்கணம் இவர்களுக்குப் பொருந்தத்தானே செய்கிறது? முதலாளி ஒருவர் இவர்களை ஏலத்தில் எடுக்கவில்லை. இவர்கள் ஆடும்போது வாணவேடிக்கை இல்லை. நுழைவுச்சீட்டுக்கு அடிதடி இல்லை. அதற்காக இவர்களை வரிசையை விட்டுத் தள்ளிவிடுவதா? உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் கிடக்கும் நம்மையுந்தான் எவரும் சீட்டு வாங்கி வந்து பார்ப்பதில்லை. நாமெல்லாம் பொழுதுபோக்கு விஞ்ஞானிகள் ஆகிவிட்டோமா என்ன?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. "லீக் ஒன்று வரட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சு நம் மாணவரிடையே வலுத்து வருகிறது. கிரிக்கெட்டில் கண்ட காட்சியைக் கூடைப்பந்திலும் காண ஆசை, ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் லீக் என்பது கற்பக விருட்சம் என்று நினைப்போர் அதன் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலேயே ஆண்களுக்கென 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய யூ.பி.ஏ. லீக் 2017-ஆம் ஆண்டுடன் நின்று போயிற்று.

பெண்கள் இவ்வாட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் இதைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அருகிலுள்ள ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் மாணவியருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஆட்டத்தையே வயிற்றுப்பிழைப்பாகக் கொண்ட பெண்கள் குழு 1936-இல் மிசூரி மாநிலத்தில் தோன்றியது. 'ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்' என்று பெயர். சிவப்புத் தலைகள் என்று சொல்லலாம். தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், ஆண்கள் குழுக்களை ஆண்களின் விதிப்படியே எதிர்த்து ஆடினார்கள். ஏறத்தாழ நம் ஊர் நாடகக் கம்பெனி மாதிரி. ஐம்பது ஆண்டுகள், 1986 வரை, அந்தக் குழு நிலைத்தது. சாயம் பூசினால்தான் பார்க்க வருவார்கள் என்ற நிலையை நினைத்தால் வருத்தந்தான். ஆனால் அவர்கள் கூலி வாங்கி ஆடினார்கள், நன்றாகவும் ஆடினார்கள்.

இனி ஹூஸ்டன் காமெட்ஸ் குழுவின் கதைக்கு வருவோம். காமெட் என்றால் வால்வெள்ளி. பௌதிகம் படிக்கும் எனக்கு அப்பெயரைக் கேட்டாலே சிறிது அச்சம். வால்வெள்ளி வானில் நிலைக்கும் பொருளன்று. டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் லீக் 1997-ஆம் ஆண்டுக் கோடையில் எட்டுக் குழுக்களோடு தொடங்கிற்று. முதல் ஆண்டுக் கோப்பை ஹூஸ்டனுக்கு. இரண்டாம் ஆண்டும் ஹூஸ்டனுக்கே. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. சிந்தியா கூப்பர், ஷெரில் ஸ்வூப்ஸ், டீனா தாம்சன் என்ற மூவரை வெல்ல அந்நாளில் ஆளில்லை. கூப்பர் தம் நாட்டில் ஆட வழியில்லாமல் ஐரோப்பாவில் பல்லாண்டுகள் ஆடிப் பிழைத்தவர். லீக் பிறந்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஸ்வூப்ஸோ அந்த லீக் முதன்முதலாக ஒப்பந்தம் செய்துகொண்ட ஆட்டக்காரி. லீக் தொடங்கிய அந்தச் சூன் மாதத்திலேயே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆறு வாரங்களில் களத்துக்குத் திரும்பிவிட்டார்! அன்று அதை வீரம் என்று பாராட்டினார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆறு வாரம் என்பது வீரமா, வேறு வழியின்மையா என்று எந்தத் தமிழ்ப் பாட்டியையும் கேட்டுப் பாருங்கள்.

நான்கு கோப்பை வென்ற அந்தக் குழுவின் முடிவு என்ன தெரியுமா? குழுவுக்கு உடைமையாளர் மாறினார், புதியவரும் விற்க முற்பட்டார், வாங்க ஆளில்லை. 2008 டிசம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஆட்டக்காரிகளை மற்றக் குழுக்கள் வரிசைப்படி பங்கு போட்டுக்கொண்டன. கோப்பைகள் நான்கும் அலமாரியில் இருந்தன; குழு இல்லை. உலகத்தின் செல்வமிக்க நாட்டில், அந்த லீக்கின் முதல் வெற்றிக் குழுவுக்கே இந்தக் கதி.

பிள்ளைப்பேற்றைப் பற்றிச் சொன்னேன். அந்த லீக்கின் ஆட்டக்காரிகளுக்குப் பேறுகால விடுப்பில் முழுச் சம்பளம் என்ற விதி 2020-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் வந்தது. நம் மத்திய அரசாங்க ஊழியருக்கு 2008 முதலே 180 நாள், முழுச் சம்பளத்துடன். தென்னக இரயில்வே ஆட்டக்காரிக்கும் அதுவே சட்டம். வாணவேடிக்கை இல்லாத குழுவில் இப்படிச் சில வசதிகள் சத்தமின்றி இருக்கின்றன.

இந்த வசதி வெறும் காகிதச் சலுகை அன்று என்பதற்குச் சாட்சி இந்தப் பெங்களூரிலேயே கிடைத்தது. 2017 சூலை மாதம், கண்டீரவா உள்ளரங்கில் ஆசியக் கோப்பைப் போட்டிகள் நடந்தன. 'பி' பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்ற கணக்கில் வென்று 'ஏ' பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே புள்ளி! குழுவை நடத்திச் சென்றவர் சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை, தென்னக இரயில்வேக்காரர். பத்தொன்பது வயதில் இந்தியக் குழுத்தலைவி ஆனவர், முப்பத்திரண்டு வயதில், ஒரு பிள்ளைக்குத் தாயாகி, மீண்டும் வந்து இந்தக் கோப்பையைப் பிடித்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இடையிலுள்ள ஆண்டுகளில் அவரைத் தாங்கியது எது? விளம்பரமா, ஏலமா? மாதம் பிறந்தால் வந்து சேரும் சம்பளந்தான்.

அதே 1985-ஆம் ஆண்டில் பிறந்த இன்னொருவர் கேரளத்துச் சங்கனாச்சேரியைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ். இவரும் தென்னக இரயில்வே. ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் குழுவுக்காகச் சில பருவங்கள் ஆடியவர். 2011-இல் அமெரிக்க லீக்கின் மூன்று குழுக்கள், சிகாகோவும் லாஸ் ஏஞ்செல்சும் சான் அந்தோனியோவும், அவரைத் தேர்வாட்டத்துக்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு அப்படி அழைப்பு வந்தது அதுவே முதல் தடவை. இடம் கிடைக்கவில்லை, திரும்பி வந்தார். திரும்பி வர ஓரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இரயில்வே நாற்காலியே போதும் என்று முடித்தால் அது பாதி உண்மைதான். நான் தங்கியிருக்கும் அத்தை வீடு ஒக்கலிபுரத்தில் இருக்கிறது. வண்டிச் சத்தம் ஓயாத தெரு. தண்டவாளத்தை நம்பியும் ஆலைகளை நம்பியும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இரயில்வே உத்தியோகத்தின் அருமையை அத்தெருவுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2003 வரை பெங்களூர்க் கோட்டமும் தென்னக இரயில்வேயின் கீழ்தானே இருந்தது. ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு இரயில்வே பிறகு வந்ததுதான். அத்தெருவில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கூடைப்பந்து ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள். அவள் தாய் ஒரு நாள் என்னிடம், "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு, சொல்லு. இந்தப் பந்து ஆடினா ரயில்வேல வேலை குடுப்பாங்களாமே, நெசமா?" என்று கேட்டார்.

நெசந்தான். ஆனால் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அறிவிப்பு வர வேண்டும். அதில் கூடைப்பந்துக்கு இடம் இருக்க வேண்டும். அதற்குள் தேசியப் போட்டி அளவுக்கு அவள் ஆடிக் காட்டியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு வளரும் வரை காலணிக்கும் பேருந்துக்கும் முட்டைக்கும் பாலுக்கும் பணம் எங்கிருந்து வரும்? கேலோ இந்தியாத் திட்டத்தில் தேர்வாகும் இளையோருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குத் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. தேர்வாகாதவள் என்ன செய்வாள்? அந்தத் தாய் தம் மகளை அடுத்த ஆண்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார். அவர் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குமாஸ்தா நாற்காலியின் கதை நம் விஞ்ஞானத் தமிழருக்குப் புதிதன்று. இராமானுசன் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதினார். அந்த நாற்காலி அவரைப் பட்டினியிலிருந்து காத்தது; ஐயமில்லை. ஆனால் 1913-இல் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து, "நீ கணக்கை மட்டும் பார்" என்று விட்டபோதுதான் அவருடைய நாள் முழுவதும் அவருக்குச் சொந்தமாயிற்று. 1933-இல் இந்நகரத்து அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்த இராமன் மட்டும் என்ன? 1907 முதல் பத்தாண்டுக் காலம் நிதி இலாகாவில் அதிகாரி. அலுவலகத்துக்கு முன்னும் பின்னுந்தான் ஆராய்ச்சி. 1917-இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்றுக்கொண்டு வெளியேறினார். நாற்காலி உயிரைக் காக்கும். அதற்கு மேல் வளர நேரம் வேண்டும். நாற்காலி கிடைக்கும் முன்னரோ, உயிரைக் காக்கவும் ஏதேனும் வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. நாடெங்கும் உள்ள கோட்டங்கள் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரிகள் எல்லாரும் தேசியப் போட்டியில் 'இந்திய இரயில்வே' என்ற ஒரே கொடியின் கீழ் வந்து நிற்கிறார்கள். பெண்கள் கோப்பையை அக்குழுவே மிகப் பல தடவை கொண்டு போயிருக்கிறது. தமிழ்நாடு வளர்த்த பிள்ளை தமிழ்நாட்டை எதிர்த்து ஆடும்! மாநிலக் குழுக்கள் மெலிந்தால் பார்வையாளருக்கு என்ன சுவை இருக்கும்? கேரளத்தார் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார்கள். அங்கே மின்சார வாரியமே பெண்கள் குழு வைத்து, ஜீனா போன்ற ஆட்டக்காரிகளைத் தம் மண்ணிலேயே இருத்திக்கொண்டது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மின்சார வாரியமும் போக்குவரத்துக் கழகமும் இல்லையா?

அலுவலகக் குழு என்றால் தரம் உயராது என்பாருக்கு ஜப்பானைக் காட்டுகிறேன். அங்கும் பெண்கள் குழுக்கள் கம்பெனிகளின் குழுக்களே: எண்ணெய்க் கம்பெனியான எனியோஸ், மோட்டார் செய்யும் டொயோட்டா, பின்னும் ஃபுஜிட்சு, டென்சோ. பெங்களூரில் 2017-இல் 'ஏ' பிரிவு இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 74–73 என்று வென்றவர்கள் இந்த ஜப்பானியப் பெண்களே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதி வரை சென்று, அமெரிக்காவிடம் 75–90 என்று தோற்று, வெள்ளி பெற்றார்கள். அவர்கள் தங்கள் கம்பெனிக் குழுக்களுக்குள்ளேயே ஆண்டுதோறும் நெடிய லீக் நடத்துகிறார்கள். ஆட்டக்காரியின் நாளில் பெரும்பகுதி களத்துக்கே. நம்மவரும் 'ஏ' பிரிவில் ஏறித்தான் இருந்தார்கள். 2019-இல் அதே கண்டீரவா அரங்கில் ஒரு வெற்றியும் இன்றிக் கடைசி இடத்தில் நின்றார்கள். கம்பெனிச் சம்பளம் இரண்டு நாட்டிலும் இருந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கைதான் நம்மிடம் இல்லை.

ஆகவே எவரோ ஒரு செல்வர் வந்து லீக் அமைக்கட்டும் என்று வாய் பார்த்திருக்க வேண்டாம். இருக்கும் இரயில்வே, மின்சார வாரிய, வங்கிக் குழுக்களைக் கொண்டே ஆண்டில் ஆறு மாதம் ஓடும் பந்தய வரிசை ஒன்றை அமைக்கலாம். பதினாறு முதல் இருபத்திரண்டு வரையுள்ள பெண்களுக்கு, இராமானுசனுக்குக் கொடுத்தது போல, "நீ ஆட்டத்தை மட்டும் பார்" என்று சொல்லும் உதவித்தொகையைப் பல்கலைக் கழகங்கள் கொடுக்கலாம். இவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை.

நம் சங்கம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. ஆண்டு விழாவில் ஆடவருக்குக் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் சுழற்கோப்பை வைத்திருக்கிறோம், மகளிருக்குக் கோலப்போட்டி. கோலத்தின் மேல் எனக்குப் பகையில்லை, பரிசும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோப்பைகளுக்கும் மேடைப் பந்தலுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஒக்கலிபுரத்துப் பெண்ணைப் போன்ற இருவருக்கு ஓராண்டுக் காலணியும் பேருந்துச் சீட்டும் வாங்கித் தரலாம். மாலை ஆறிலிருந்து எட்டு வரை கூடைப்பந்துக் களத்தையும் விளக்கையும் மகளிருக்கு விடும்படி விளையாட்டுத் துறைக்கு விண்ணப்பமும் போடலாம். இப்போது அந்த நேரம் முழுவதும் ஆண்கள் வசம். வரும் பொதுக்கூட்டத்தில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய இருவர் வேண்டும் என்பது நம் சங்க விதி. ஒருவர் கிடைத்துவிட்டார்.