குடிநோயர்க்கு ஊரே மருந்தகம்

குடியை வெறுப்பது அறம். குடிநோயனை வெறுப்பது அறமாகாது. இவ்வேறுபாட்டைத் தமிழ்க் குமுகம் இன்னும் தெளிவுற உணர்ந்திலது. மேடைதோறும் கள்ளுண்ணாமை முழங்குவோரிற் பலர், வீழ்ந்து கிடப்பவனைக் 'குடிகாரன்' என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட்டுத் தம்வழிச் செல்கின்றனர்.

திருவள்ளுவர் கள்ளுண்பாரைக் கடுமையாகவே கடிந்தார். ஆயினும் கள்ளுண்ணாமைக்குப் பின் சூதினை வைத்து, அதனையடுத்து மருந்தினை வைத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளையும் வகுத்தார். குடிநோய்க்கு இந்நான்காம் கூறே உயிர்நாடி; அதுவே இன்று நம்மிடம் இல்லை.

'உறுதியிருந்தால் விட்டுவிடலாமே' என்பர் சிலர். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடுமென நிறுத்தின், இரண்டு மூன்று நாள்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் தோன்றலாம், உயிரே போகலாம். எனவே முதற்கண் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். அதன்பின் அவன் திரும்புவது அதே தெருவுக்கு, அதே கடைவாயிலுக்கு. அங்கே அவனைத் தாங்கப்போவது யார்?

குடிக்கு அடிமையானவருள் 38 பேர்க்கு ஒருவரே ஏதேனும் மருத்துவமோ உதவியோ பெறுகின்றார் என்கின்றது நடுவணரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு. எஞ்சிய 37 பேரும் எங்குச் செல்வர்? நகர மருத்துவமனைக்குச் செல்ல நாட்கூலியை இழக்கவேண்டும். ஊரார் ஏச்சையும் ஏற்கவேண்டும்.

வழி இல்லாமலில்லை. 1980-இல் சென்னையில் தோன்றிய தி.தி. அரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989-இல் மஞ்சக்குடியில் சிற்றூர் மருத்துவப் பாசறையைத் தொடங்கியது. நோயரை ஊரினின்று பிரிக்காமல், மருத்துவத்தையே ஊருக்குக் கொண்டுசென்றது. இல்லத்தாரும் ஊர்ப் பெரியோரும் அதில் துணைநின்றனர். அந்நான்காம் கூறு இதுவே!

ஆனால் அரசு செய்வதென்ன? 1983-இல் தொடங்கிய தன் வாணிகக் கழகத்தைக்கொண்டு 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. 2023-24-இல் அதனால் வந்த வருவாய் 45,000 கோடி உருபாவுக்கு மேல். 2024-இல் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, இறந்தவர்தம் குடும்பங்கட்கு 10 இலக்கம் உருபா அறிவித்தது. செத்தபின் நீளும் கை, சாகுமுன் நீண்டிருக்க வேண்டாவா?

விற்ற கையே மருந்திடட்டும்! அவ்வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் கட்டணமில்லாக் குடிநோய் மருத்துவம் அமைக்கட்டும். அங்கே நோயனிடமும் அவன் மனைவியிடமும் அவர்கட்கு விளங்கும் தமிழிலேயே பேசட்டும். அயன்மொழிப் படிவத்தில் கைந்நாட்டு வாங்குவது அறிவுரையாகாது.

தமிழ் நெஞ்சங்களே! கடைகளை மூடப் போராடுவோம், அப்போர் ஓயலாகாது. ஆயின் கடை மூடும்வரை நோயன் காத்திருக்க முடியாது. உங்கள் தெருவில் ஒரு குடிநோயர் இருப்பின் அவர் வாயிலுக்குச் செல்லுங்கள், மருத்துவரிடம் உடன்செல்லுங்கள், மீண்டு வந்தவரை மன்றத்தில் அருகமர்த்துங்கள். மொழியைக் காப்பது அம்மொழி பேசும் உயிரைக் காப்பதிலிருந்தே தொடங்குகின்றது.