‘அடித்தளம் சரியில்லை’ என்றொரு சாக்கு

கல்லூரிகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் ஆண்டுதோறும் சேர்க்கை முடிந்த கையோடு எழும் புலம்பல் ஒன்றுண்டு. ‘இந்த வருடம் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, பள்ளியில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்களோ!’ மேல்நிலைப் பள்ளி ஆசிரியரைக் கேட்டால் நடுநிலைப் பள்ளியைக் கைகாட்டுவார். அவர் தொடக்கப் பள்ளியை. தொடக்கப் பள்ளி ஆசிரியரோ பிள்ளையின் வீட்டை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் யாரைக் கைகாட்டுவாள்? இந்த வரிசையில் எப்போதும் விடுபட்டுப்போவது கல்லூரிதான். நாம் பேச விரும்புவது அதைப் பற்றியே.

புலம்பலில் உண்மை இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்று விகாரங்களையும் எடுத்துக்காட்டோடு ஒப்பிக்கும் முதலாண்டு இளங்கலைத் தமிழ் மாணவருக்குப் ‘பொற்றொடி’ என்ற சொல்லைப் பிரிக்கத் தெரிவதில்லை. உரைநடையில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அதன் சாரத்தை மூன்று வாக்கியங்களில் சொந்தமாக எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தின் முதல் மூன்று வாக்கியங்களையே எழுதித் தருகிறார்கள். அவர்களை யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

பள்ளிக் கல்வியின் பங்கு தெரிந்ததுதான். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளின் புகழை நாடே அறியும். அதைத் தடுக்கவென்றே 2017இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே, அந்த மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் கொள்ளப்படாது என்றார்கள். 2025இல் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. அந்த விடுதிப் பள்ளிகளின் பிள்ளைகள் தமிழ்த்துறை வாசலை மிதிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவற்றின் முறை எல்லாப் பள்ளிகளுக்கும் பரவிற்று. ‘மெல்லக் கற்போர் கையேடு’ என்ற பெயரில், தேர்ச்சிக்கு வேண்டிய வினாக்கள் மட்டும் அடங்கிய மெலிந்த நூலை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, மிச்சப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்கிறார்கள். நம்மிடம் வருபவர்கள் இந்தப் பிள்ளைகள்.

சரி, வந்த பிறகு மூன்று ஆண்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் என்ன நடக்கிறது? பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25. அந்த 25இல் இருபதுக்குக் குறையாமல் அள்ளிப் போடுவது பல துறைகளில் எழுதப்படாத விதி. மீதி 75க்கு ஐந்தாண்டு வினாத்தாள்களைப் புரட்டினால் போதும். ‘குறிஞ்சித் திணையின் முதல், கரு, உரிப்பொருள்களை விளக்குக’ என்ற வினா எந்த ஆண்டில் வரும் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். திணை பற்றி இரண்டு பக்கம் எழுதிய மாணவர் அகப்பாடல் ஒன்றையேனும் தாமாக வாசித்தாரா என்று கேட்கும் வினா அந்தத் தாளில் கிடையாது. (கோனார் உரையைக் கேலி செய்வது நம் சூழலில் வழக்கம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஐயம்பெருமாள் கோனார் உருவாக்கிய உரை அது, பதவுரையாவது இருந்தது. இன்றைய கல்லூரி வழிகாட்டிகளில் பாடலே இருப்பதில்லை, விடை மட்டும்தான்.)

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். எதற்கு இல்லை? 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது முதல் தமிழாய்வுலகில் நடந்த கூத்தை இவ்விதழ் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பணம் கட்டினால் கட்டுரை, கட்டுரைக்கொரு சான்றிதழ், தலையணை கனத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுதி. 2018இல் அதே மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. அவற்றில் எழுதிக் குவித்த மணிநேரங்கள் எந்த வகுப்பறையிலிருந்து எடுக்கப்பட்டவை?

இதில் கௌரவ விரிவுரையாளர்களைச் சேர்த்துப் பேச நமக்கு மனமில்லை. மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019இல் வகுத்தபோது, தமிழக அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பெற்றது அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவரிடம் மாணவனின் அடித்தளத்தைச் செப்பனிடு என்று கேட்பவர், நிரந்தர இடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக விட்டுவைத்த அரசாகவே இருந்தாலும், முதலில் வெட்கப்பட வேண்டும்.

பள்ளி ஆசிரியர்மீது பழி சுமத்தும் பேராசிரியர்களை நாம் கேட்க விரும்புவது ஒன்று. அந்தப் பள்ளித் தமிழாசிரியர் எங்கே படித்தார்? 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேர்ச்சி ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. வினாத்தாள் கடினம், நேரம் போதவில்லை என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் இரண்டாம் தாளை எழுதியவர்கள் கல்லூரிகள் முத்திரை குத்தி அனுப்பிய பட்டதாரிகள். பொற்றொடியைப் பிரிக்கத் தெரியாதவருக்கு மூன்றாண்டு கழித்து முதல் வகுப்பில் பட்டம் தருகிறோம். அவர் கல்வியியல் படித்து ஒரு பள்ளிக்குப் போகிறார். அவரிடம் படித்த பிள்ளை நம் வகுப்பில் வந்து அமர்கிறது. உடனே ஓய்வறையில் புலம்பல் தொடங்குகிறது.

செய்யக்கூடியது இல்லாமலில்லை. சேர்க்கை முடிந்ததும் நடக்கும் ‘இணைப்புப் பயிற்சி’ வாழ்த்துரைகளிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் கழிகிறது. அதற்கு மாறாக முதல் பருவம் முழுவதையும் வாசிப்புக்கும் பதம் பிரிப்புக்கும் ஒதுக்கலாம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடலை, உரையின்றி, தேர்வில் கொடுத்துப் பொருள் எழுதச் சொல்லலாம். பத்து மதிப்பெண் போதும். இதற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டாம்; தன்னாட்சிக் கல்லூரியாயின் பாடத்திட்டக் குழுவே முடிவெடுக்கலாம். நாம் அறிந்த சில குழுக்களில் இந்தப் பேச்சு எழுந்ததுண்டு. ‘எல்லாரும் பெயிலாகிவிடுவார்கள் சார், அடுத்த வருடம் துறையில் ஆளிருக்க மாட்டார்கள்’ என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். தேநீர் வரும். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.