தூங்கியது யார்?

"சனங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது." மாநகராட்சியும் ஒரு நிறுவனமும் கைகோத்து டிஜிட்டல் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதில் கூட்டம் சேராமல் போனால் மேடையிலிருந்து வரும் முதல் வாக்கியம் இதுதான். அடுத்த ஆண்டு அதே பந்தலில் விழிப்புணர்வு முகாம் நடக்கும். குறும்படம் போடுவார்கள், தொப்பி கொடுப்பார்கள். ஏழை தூங்கிக்கொண்டிருக்கிறான், தட்டி எழுப்பினால் இணையத்துக்கு ஓடி வருவான் என்ற நினைப்பு அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இது நம்மூர்ச் சரக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் ஒரு பெருநகரத்தையே வைத்து இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

2010இல் கூகுள், மின்னல் வேக இணையத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி பதிக்கப் போகிறேன், எந்த ஊருக்கு வேண்டும் என்று கேட்டது. சுமார் 1,100 ஊர்கள் மனுப் போட்டன. கன்சாஸ் மாநிலத் தலைநகரான டொபீகா ஒரு மாதத்துக்குத் தன் பெயரையே 'கூகுள்' என்று மாற்றிக்கொண்டது. (பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லா ஊரிலும் உண்டு.) கடைசியில் 2011இல் மாலை விழுந்தது, மாநில எல்லையின் இருபுறமும் ஒரே பெயரில் ஒட்டியிருக்கும் இரண்டு கன்சாஸ் சிட்டிகளின் கழுத்தில்.

அங்கெல்லாம் கேபிள் நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கும் நகராட்சிகள், பணக்காரத் தெருவோடு நின்றுவிடாதே, எல்லாப் பகுதிக்கும் கம்பி இழு என்று நிபந்தனை போடுவது வழக்கம். கூகுள் விஷயத்தில் அது தலைகீழானது. இரு நகரங்களையும் சேர்த்து 202 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 'ஃபைபர்ஹூட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு துண்டில் 5 முதல் 25 சதவீத வீடுகள் வரை, இடத்தைப் பொறுத்து, ஆளுக்கு 10 டாலர் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். கெடு 2012 செப்டம்பர் 9. எண்ணிக்கை தேறாவிட்டால் அந்தப் பகுதிக்குக் கம்பி இல்லை. அங்குள்ள பள்ளிக்கும் நூலகத்துக்கும் தருவதாகச் சொன்ன இலவச இணைப்பும் இல்லை. அதாவது, பெற்றோர் 10 டாலர் கட்டத் தவறினால் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குத் தண்டனை. இதுவும் ஒரு வகை மக்கள் பங்கேற்பு.

முன்பதிவு செய்ய இணையத்துக்குப் போக வேண்டும். கூகுள் கணக்கு வேண்டும், வங்கி அட்டை வேண்டும். இணையம் இல்லாதவன் இணையம் கேட்க இணையத்துக்கு வர வேண்டும் என்று ஒரு விதி எழுதியவர்களை எந்த முகாமுக்கு அனுப்பலாம்?

ட்ரூஸ்ட் அவென்யூ என்ற சாலை இரண்டு கன்சாஸ் சிட்டிகளில் ஒன்றை நெடுக்காகப் பிளக்கிறது. பல தலைமுறைகளாக அதற்கு மேற்கே வெள்ளையர், கிழக்கே கறுப்பர். வீட்டுக் கடன் மறுப்பும் பள்ளிப் பிரிவினையும் கிழித்த கோடு அது. முன்பதிவு தொடங்கியதும் மேற்குப் பகுதிகள் மளமளவென்று தேறின, கிழக்கே அசைவில்லை. வரைபடத்தில் பழைய கோடே புதிதாக எழுந்து நின்றது. பதறிப்போய் ஆசிரியர்களும் நூலகர்களும் தேவாலயத்தாரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், நன்கொடை திரட்டி அடுத்தவருக்காக 10 டாலர் கட்டினார்கள். கூகுளும் ஆட்களை இறக்கியது. கெடு முடிந்தபோது 202இல் 180 தேறியிருந்தன.

"பார்த்தீர்களா, எடுத்துச் சொன்னதும் சேர்ந்துவிட்டார்களே!" என்று முகாம்காரர்கள் இங்கே துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுக்கலாம். 2014இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் ஏற்பாடு செய்த கணக்கெடுப்பில், ஏழைகள் வாழும் ஆறு பகுதிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் கட்டணச் சேவை வாங்கியிருந்தார்கள். இன்னும் ஐந்து பேர் குறைவேக இலவச இணைப்பில் இருந்தார்கள். பக்கத்திலேயே வசதியான பகுதிகளில் 53 பேர். இத்தனைக்கும் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருந்தார்கள். அன்றைய விலைப்பட்டியலைப் பார்த்தால் புரியும்: அதிவேக இணைப்புக்கு மாதம் 70 டாலர். அதற்கு ஒப்பந்தம் போட்டவருக்குக் கம்பி பதிக்கும் கட்டணம் 300 டாலர் தள்ளுபடி. 'இலவச' இணைப்பு கேட்ட ஏழைக்குத் தள்ளுபடி கிடையாது, 300 டாலரையும் கட்டியாக வேண்டும். தவணையில் வேண்டுமானால் மாதம் 25. அடுத்த ஆண்டு எந்த வாடகை வீட்டில் இருப்போம் என்று தெரியாத குடும்பம், வீட்டுக்காரரின் சுவரில் பதியும் கம்பிக்கு ஏன் 300 டாலர் கொட்ட வேண்டும்? விழித்திருந்தவர்கள்தான் கணக்குப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்றார்கள். 2016இல் அந்த இலவசத் திட்டத்தையும் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு மாறாக, டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் மின்வாரியமே முன்வந்து, மின்சாரம் போகும் இடமெல்லாம் கம்பி பதித்தது. உனக்கு ஆர்வம் உண்டா என்று எந்தத் தெருவையும் கேட்கவில்லை. அங்கும் மாதக் கட்டணம் ஏழைக்குச் சுவராகத்தான் நின்றது. 2020இல் கொரோனா வந்து பள்ளிகளை மூடிய பிறகே, வசதியற்ற மாணவர் வீடுகளுக்கு இணைப்பை இலவசமாக்கினார்கள்.

காசு கேட்காமல் கொடுத்தால் என்ன நடக்கும்? நியூயார்க்கில் அதையும் பார்த்தாயிற்று. 2016இல் பழைய பொதுத் தொலைபேசிக் கூண்டுகளை எடுத்துவிட்டு, நகரமும் தனியார் கூட்டு நிறுவனமும் சேர்ந்து 'லிங்க்' கம்பங்களை நட்டன. இலவச வைஃபை, இலவச அழைப்பு, இணையம் பார்க்க ஒரு திரை. செலவுக்கு விளம்பர வருமானம். யாரும் யாரையும் தட்டி எழுப்பவில்லை. வீடற்றவர்கள் தாங்களாகவே வந்தார்கள். பால் பெட்டியையும் செய்தித்தாள் பெட்டியையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிக்கணக்கில் பாட்டுக் கேட்டார்கள், படம் பார்த்தார்கள். சிலர் ஆபாசப் படமும் பார்த்தார்கள்தான். கடைக்காரர்களும் குடியிருப்போரும் புகார் செய்தார்கள். செப்டம்பருக்குள் திரையிலிருந்து இணையத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சொந்தமாகக் கைப்பேசி வைத்திருப்பவருக்கு வைஃபை மட்டும் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தது.