திருப்பி அனுப்புவது மரியாதை

'மெயிலர் டீமன்' என்று ஒருவரிடமிருந்து உங்களுக்கு எப்போதாவது ஈமெயில் வந்திருக்கும். பெயரைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்து அழித்திருப்பீர்கள். பாவம், அது தபால் சுமக்கும் நல்ல பூதம். 'நீங்க எழுதின விலாசத்துல அப்படி யாரும் இல்லீங்க' என்று சொல்ல வந்திருக்கிறது. நம் தெரு போஸ்ட்மேன் கவர் மேல் கிறுக்கித் திருப்பி அனுப்புவாரே, அதே வேலை.

1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளிலேயே இந்த நாகரிகம் இருக்கிறது. கடிதத்தை வாங்கிக்கொண்ட சர்வர் அதைச் சேர்ப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். சரி, அந்தத் தகவலே போய்ச் சேராமல் திரும்பினால்? இரண்டு சர்வர்களும் விடிய விடிய மாறி மாறி எழுதிக்கொண்டிருக்குமே! அதற்காகத்தான் அந்தத் தகவலில் மட்டும் அனுப்புநர் இடத்தைக் காலியாக விடச் சொன்னார்கள்.

இயந்திரங்கள் ஓயாமல் பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. இன்றைய கம்பெனிகளோ மனிதர்களிடம் பேசாமல் இருப்பதற்கென்றே 'நோ-ரிப்ளை' விலாசம் வைத்திருக்கின்றன. பில் வரும், எச்சரிக்கை வரும், பிறந்தநாள் வாழ்த்துகூட வரும். 'தப்பா பில் போட்டிருக்கீங்களே' என்று பதில் எழுதிப் பாருங்கள். பல இடங்களில் அது எங்கே போனது என்றுகூடத் தெரியாது.

'ஸ்பாம் தொல்லை ஸார்' என்பார்கள். வாஸ்தவம்தான். 2003-ல் சோபிக் என்ற புழு அடுத்தவர் விலாசத்தைத் திருடிக் கடிதம் அனுப்ப, எழுதாத கடிதத்துக்கெல்லாம் பலருக்கு 'போய்ச் சேரவில்லை' என்று தகவல் குவிந்தது. அதற்கு மருந்து மௌனமா? வாசலிலேயே '550, அப்படி யாரும் இல்லை' என்று சொல்லி வாங்க மறுத்தால் போதும். அனுப்பிய சர்வர் தன் ஆளிடம் சொல்லிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் குப்பையில் போடுவதுதான் அயோக்கியத்தனம்.

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய பையனை நினைத்துப் பாருங்கள். திரும்பி வந்தால் விலாசத்தைச் சரிபார்ப்பான், போன் பண்ணுவான், நேரில் போவான். எதுவுமே வராவிட்டால், தனக்குத் தகுதியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

ஈமெயில் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரில் ஒரு விலாசம் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். அடுத்த 'நோ-ரிப்ளை' கடிதம் வந்ததும் அந்தக் கம்பெனியின் போஸ்ட்மாஸ்டருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, திரும்பியாவது வருகிறதா பார்க்கலாம்.