பிட்டுக்கு மண், டிக்கெட்டுக்கு மரம்

திருப்பூரை அடுத்த பல்லடம் வட்டாரத்தில் வாரம் சனிக்கிழமை சாயங்காலம் முடிகிறது. பனியன் கம்பெனிகளில் சம்பளம் கைக்கு வரும் நேரம் அது. வந்த சூட்டிலேயே மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுப் பணம், லைன் வீட்டு வாடகைக்கு எடுத்து வைப்பது என்று பிரிந்துவிடும். குடும்பத்துக்கென்று மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான். ஏற்றுமதிக் கப்பல் தேதி நெருக்கும் மாதங்களில் அதுவும் முழுசாக மிஞ்சாது. "நாளைக்கு அரை ஷிப்ட்டு வந்துட்டுப் போயிருங்க" என்று சூப்பர்வைசர் சொன்னால், மறுக்கத் தோன்றினாலும் மறுக்க முடிவதில்லை. வார நாளில் ஒன்றரை ஷிப்ட், ஞாயிற்றில் அரை ஷிப்ட். விசைத்தறிக் குடோன்களிலும் கோழிப் பண்ணைகளிலும் கதை இதைவிட மோசம். கோழிக்கு ஞாயிறு தெரியாது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு, "குட்டையைச் சுத்தம் செய்யணும், மரம் நடணும், பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க" என்றால் என்ன நடக்கும்? மனசில்லாமல் அல்ல, நேரமில்லாமல் வரமாட்டார்கள். பொதுநலத் தொண்டு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. நேரமின்மையைச் சுயநலம் என்று படித்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் ஒரு காரியம் செய்தது. ஒருநாள் ஊருக்கு உழையுங்கள், ஒருநாள் எங்கள் பூங்காவில் இலவசமாக விளையாடுங்கள் என்று அறிவித்தது. அப்போது அந்தப் பூங்காக்களின் ஒருநாள் நுழைவுச்சீட்டு ஏறத்தாழ 70, 80 டாலர். தொண்டு அமைப்புகளை ஒருங்கிணைக்கும் ஹேண்ட்ஸ் ஆன் நெட்வொர்க் என்ற அமைப்பு, எந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது என்று பட்டியல் தந்தது. உணவு வங்கியில் டப்பா அடுக்கலாம், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசலாம், பூங்காவில் குப்பை பொறுக்கலாம். ஆறு வயதுக் குழந்தைகூடப் பெற்றோருடன் சேர்ந்து கணக்கில் வரலாம் என்பதுதான் அதில் முக்கியமான விதி. பத்து லட்சம் பேர் என்பது இலக்கு. ஜனவரியில் தொடங்கியது, மார்ச்சிலேயே இலக்கு நிறைந்து கதவை மூடிவிட்டார்கள்.

கேலி செய்தவர்களும் உண்டு. பொருளாதார மந்தத்தில் பூங்காவுக்குக் கூட்டம் சேர்க்கும் தந்திரம் இது, டிக்கெட் இலவசம் என்றால் ஓட்டல் அறையும் சாப்பாடும் யார் காசு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஓடிக்கொண்டிருக்கும் ராட்டினத்தில் இன்னும் ஒருவரை ஏற்றுவதால் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. ஆனாலும் பத்து லட்சம் பேர் ஆளுக்கொரு நாள் வேலைக்கு முன்வந்துவிட்டார்கள். அடுக்கிய டப்பா அடுக்கினதுதான்.

தொண்டுக்குக் கூலியா என்று நம்மூரில் முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் மதுரைப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். வைகையில் வெள்ளம் வந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்து போகும் பிட்டையே கூலியாகப் பேசி, மண் சுமக்கப் போனதாகத் திருவிளையாடல் சொல்கிறது. ஆவணி மூலத்தை ஒட்டி மதுரையில் இன்றும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. வேலையில் அந்தக் கூலியாள் எப்படி என்று கேட்டால், சொல்லும்படி இல்லை. பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், தூங்கினார், கடைசியில் பிரம்படி வாங்கினார். தொண்டர்களை மேய்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கதையில் வேலை ஊருக்கானது, ஆள் வீட்டுக்கானவர், கூலி தின்பண்டம். இந்த ஏற்பாட்டில் நம் மரபு குற்றம் காணவில்லை.

புராணத்தோடு அது நிற்கவும் இல்லை. ஏரி, கால்வாய்க் கரைகளை ஊரார் சேர்ந்து பராமரித்த குடிமராமத்து வழக்கத்தை வெள்ளைக்காரர்கள் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு எழுத்தில் ஏற்றினார்கள். வராதவனுக்குத் தண்டனை என்றார்கள். வழக்கமாக இருந்தது வரியாக மாறியது. பிறகு பொதுப்பணித் துறையின் வேலையாகி, மெல்ல யாருடைய வேலையும் இல்லாமல் போனது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கையிலெடுத்து, முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. பாசனம் பெறுவோர் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஜேசிபி வந்து நின்றதும் குடி கரையில் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டது. மராமத்து மட்டும் நடந்தது.

திருப்பூர் வட்டாரத்தில் தொண்டே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சாயக் கழிவால் நொய்யல் ஆறு செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த ஊர் இது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை யாரும் மறக்கவில்லை. அதே ஊரில்தான் 2015-இல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற மரம் நடும் முயற்சி தொடங்கி, விவசாயிகளின் நிலத்திலும் கம்பெனி வளாகங்களிலும் பத்து லட்சத்துக்கு மேல் மரக்கன்றுகளை நட்டிருக்கிறார்கள். பல்லடத்தில் வனம் இந்தியா அறக்கட்டளை இருக்கிறது. அதன் வனாலயம் வளாகத்தில் கன்றும் வளர்கிறது, கூட்டமும் நடக்கிறது. பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்துப் பதிவு செய்து வந்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்ட்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. அந்தக் குளத்தருகே ஓர் ஊருக்குப் பெயர் கூலிப்பாளையம். ஒரு பைசா கூலி வாங்காமல் வேலை பார்த்தவர்களுக்கு வாய்த்த இடம்!

ஆனால் இந்த முயற்சிகளில் யார் வருகிறார்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும். கம்பெனி முதலாளிகள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள். தன் ஞாயிற்றைத் தானே தீர்மானிக்க முடிந்தவர்கள். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அம்மாவும், தறி ஓட்டும் அப்பாவும், அவர்களது இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக அங்கே வருவது அபூர்வம். மாணவர்களுக்காவது நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் உழைத்தால் சான்றிதழ் உண்டு. அதுவும் ஒருவகைக் கூலிதான், யாரும் குறை சொல்வதில்லை. போன வருடம் நட்ட அதே குழியில் இந்த வருடமும் கன்று நடுகிறார்கள் என்ற பழைய கேலி தவிர. குடும்பத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

கூலி கொடுத்தால் தொண்டு மனம் கெட்டுவிடும் என்ற வாதத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. இஸ்ரேலில் யூரி நீஸி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வீடு வீடாகப் போய் நன்கொடை வசூலிக்கும் பள்ளி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் காசு கிடையாது. இன்னொன்றுக்கு வசூலில் நூற்றுக்கு ஒன்று, மூன்றாவதற்கு நூற்றுக்குப் பத்து. அதிகம் வசூலித்தது காசு வாங்காத பிரிவு. அடுத்தது பத்து சதவீதக்காரர்கள். ஒரு சதவீதம் வாங்கியவர்கள் கடைசி. சில்லறையைக் கையில் வைத்ததும் அந்தப் பிள்ளைகள் நல்ல காரியம் செய்கிறோம் என்பதை விட்டுவிட்டு, இந்தச் சில்லறைக்கா இவ்வளவு நடை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் குழுவினரும் நடத்திய தடுப்பூசி ஆய்வு அது. எந்த ஏற்பாடும் செய்யாத கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு ஆறு. தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் பதினெட்டு. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் தட்டு செட்டும் கொடுத்த கிராமங்களில் முப்பத்தொன்பது. பருப்புக்காகத் தாய்மார்கள் பிள்ளையை விற்றுவிடவில்லை. இன்றைக்குப் போகலாமா, நாளைக்குப் பார்க்கலாமா என்ற தயக்கத்தைப் பருப்பு தீர்த்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு கிலோ மரியாதையாகவும் இருந்திருக்கும்.

பல்லடத்துக்குப் பொருந்துவது உதய்ப்பூர் கணக்கு. இங்கே ஞாயிற்றில் தொண்டுக்கு வருவதற்கு விலை இருக்கிறது. அந்த விலையை யாரோ ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிஸ்னி செய்ததுபோல இங்கேயும் ஊருக்கு உழைத்த குடும்பத்துக்குப் பூங்கா டிக்கெட் தரலாம். சரி, அதற்கு ஏன் தீம் பார்க் டிக்கெட்? குக்கர் கொடுக்கலாமே, ரொக்கமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். ரொக்கம் சனிக்கிழமைச் சம்பளத்தோடு கலந்து மளிகைக் கடைக்குப் போய்விடும். குக்கர் அம்மாவின் வேலைக்குள் போய்விடும். புத்தகம் கொடுத்தால் பிள்ளைக்கு நல்லது, ஆனால் அப்பாவுக்கு அதில் பங்கில்லை. டிக்கெட்டை அடகு வைக்க முடியாது, சீட்டில் கட்ட முடியாது, நாளைக்கென்று பீரோவில் பூட்டவும் முடியாது. நான்கு பேரும் சேர்ந்து ஒருநாளைச் செலவழித்தால்தான் அதற்கு மதிப்பு. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பூங்காவின் அலைக்குளத்தில் அப்பா லுங்கியோடு இறங்கலாமா கூடாதா என்று வாசலில் ஒரு வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதத்துக்குக்கூட இந்தக் குடும்பங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. நுழைவுக் கட்டணம், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒருவருடைய வாரச் சம்பளம் போய்விடும் என்பதால், பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் பூங்காவை டிவி விளம்பரத்தில் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் லைன் வீடுகளில் நிறைய.

செலவை யார் தருவது என்பதில் மழுப்பக் கூடாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. இந்த வட்டாரத்தின் பெரும்பாலான யூனிட்டுகள் அந்த அளவை எட்டாதவை. எட்டியவையும் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்தக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குத் தானே டிக்கெட் வாங்கி, அதைச் சமூகப் பணி என்று ஒட்டிக்கொள்ளும் வழி அடைபட்டிருக்கிறது, நல்லதுதான். பல கம்பெனிகளும் பூங்கா நடத்துகிறவர்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஒரு பொதுக் கணக்கில் வந்தால்தான் சரிப்படும். பூங்காக்காரர்கள் கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை டிக்கெட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதை வாங்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் உண்டு.

அரசியல்வாதிகளை மேடையேற்றாமல் இருப்பதும் முக்கியம். டோக்கன் என்ற சொல்லுக்கே நம்மூரில் வேறு வாசனை வந்துவிட்டது. தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் யாராவது டிக்கெட் டோக்கன் கொடுத்தால், மரம் நட்டதற்கா ஓட்டுப் போட்டதற்கா என்று மரத்துக்கே தெரியாது. பள்ளிக்கூடம் வழியாக ஆள் சேர்ப்பதும் ஆபத்து. பெற்றோரால் வர முடியாத பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகி உட்காரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு அழைப்பு இந்தியிலும் ஒடியாவிலும் போக வேண்டும். இந்த ஊர்க் குளத்துத் தண்ணீரின் கதிதான் அவர்களுடைய கதியும்.

டிக்கெட்டை எப்போது கொடுப்பது என்பதுதான் மிச்சம். நடுகிற அன்றே கொடுத்தால் போட்டோ எடுத்த கையோடு கன்று மறந்துபோகும். பல்லடம் வறண்ட பூமி. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஐப்பசியில் நடும் கன்றுக்கு உண்மையான சோதனை தை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் யாராவது குடத்தோடு போக வேண்டும். உதய்ப்பூரில் ஊசிக்கு ஊசி பருப்பு, எல்லாம் முடிந்த பிறகுதான் தட்டு. இங்கேயும் நடுகிற ஞாயிறு வேலை முடிந்ததும் சுடச்சுட ஒரு பிரியாணி போடலாம். டிக்கெட்டு மே மாதம். கன்று நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது, இத்தனை இலை விட்டிருக்கிறது என்று வீட்டுக் கடைக்குட்டி கூட்டிப்போய்க் காட்டட்டும். காட்டினால் நான்கு டிக்கெட், ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு. அன்றைக்கு அரை ஷிப்ட்டுக்குக் கூப்பிட மாட்டோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த ஒரு சீட்டும் அதோடு சேர்த்து.