இடம் மாறிய இரைப்பை

கண்ணாடியில் நம் உருவத்தைக் காணுங்கால் வலம் இடமாகத் தோன்றும். பிறப்பிலேயே உள்ளுறுப்புக்கள் யாவும் அவ்வாறு மாறியமைந்த மனிதரும் உளர். இவர்க்கு இருதயமும் இரைப்பையும் மண்ணீரலும் வலப்புறம், ஈரல் இடப்புறம். ஏறக்குறைய 10,000 பேருள் ஒருவர் இத்தகையர் என்பர். 1788இல் இலண்டனில் மத்தியூ பெயிலி என்னும் வைத்தியர், பிரேதமொன்றை அறுத்து ஆராய்ந்தபோது கண்ட இவ்வமைப்பை விரிவாக எழுதிவைத்தார். தம் உடலின் புதுமையை அறியாமலே வாழ்ந்து முடிப்போரும் உண்டு.

இத்தகைய ஒருவரின் இரைப்பையிற் புற்றுநோய் தோன்றினால் என் செய்வது? நோயுற்ற பகுதியை வெட்டியகற்றி, எஞ்சியதைக் குடலோடு இணைக்கும் சத்திரசிகிச்சையை முதன்முதல் வெற்றியாகச் செய்தவர் வியன்னா நகரத்துத் தியோடர் பில்றொத், ஆண்டு 1881. அந்நோயாளி அதன்பின் சில மாதங்களே வாழ்ந்தார். நாடிகளைச் சூழ்ந்த நிணநீர்க்கணுக்களையும் உடன் களைதல் பின்வந்த வளர்ச்சி.

"இடத்தை வலமாக மாற்றிச் செய்தாற் போதுமே" என எளிதாகக் கூறுவாருளர். யான் அதற்கு ஒருப்படேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வழக்கென்று பழைய மாணவர் நகைக்கக்கூடும். நெடுங்கணக்கைத் தடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளையைப் பின்னிருந்து சொல்லச் செய்து பார்த்தவன் யான். தெரிந்த எழுத்தே நாவில் இடறும். வைத்தியரின் கையும் அத்தகையதே. பலநூறு முறை பழகிய கை, நினையாமலே பழகிய பக்கம் செல்லும். அங்கு ஒரு கணம் தவறின் பெருகுவது குருதி.

அன்றியும், கண்ணாடி உவமை முற்றும் பொருந்துவதன்று. இவர்களுட் சிலர்க்கு ஈரலுக்குச் செல்லும் நாடி வழக்கமான இடத்தை விட்டு வேறொரு நாடியினின்றும் கிளைக்கும். அதனை வெறும் தலைகீழ்ப் பாடத்தால் அறியலாகாது. ஆதலின், சீ.ரீ. கருவியால் நாடிகளின் படத்தை முன்னரே எடுத்து நோயாளிக்கென்றே ஆராய்தல் இன்றியமையாதது. இரைப்பைப் புற்றுநோய் மலிந்த யப்பான், சீனா, கொரியா நாட்டு வைத்தியர் அவ்வாறு ஆராய்ந்து, தாம் நிற்கும் பக்கத்தையும் மாற்றி, சிறு துவாரங்களின் வழியேயும் இச்சிகிச்சையை நிறைவேற்றியுள்ளனர். அவர் எழுதியவை போற்றத்தக்கன. ஆயினும், தோல்வியை எழுத முன்வருவோர் எத்துறையிலும் சிலரே என்பதை மறத்தலாகாது.

பிறிதொன்றும் வேண்டுவல். நெஞ்சுப் படத்தால் இவ்வமைப்பு வெளிப்பட்ட அன்றே அதனை ஒரு சீட்டில் எழுதி உரியவர் கையிற் கொடுத்தல் வேண்டும். குடல்வால் அழற்சியின் நோவு இவர்க்கு இடப்புறத்தே தோன்றலாம். நினைவிழந்து கிடக்கும் நேரத்தில் அவருக்காகப் பேசக்கூடியது அச்சீட்டு ஒன்றே.